டாங்ராவில் குடியிருக்கும் சீனக் காளி

தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனால் கல்கத்தா காளிக்குப் பட்டு சாத்துவதாக அம்மாவின் வேண்டுதல். முதலில் போன பெரிய கோயிலில் தரகர்கள் படுத்திய பாடு சொல்லி மாளாது. கையைப் பிடித்து இழுத்து, தட்டில் ஐந்நூறு வை, ஆயிரம் வை என்று மறித்து, அவள் முகத்தைக் கண்குளிரப் பார்க்கவே விடவில்லை. அம்மா அழுதேவிட்டார். வாங்கிய இரண்டு பட்டில் ஒன்று கையிலேயே இருந்தது. விடுதிக்காரர்தான் அதே ஊரில் உள்ள டாங்ராவுக்குப் போகச் சொன்னார்.

தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்கா சீனர்களின் பேட்டை அது. மரத்தடியில் குங்குமம் அப்பிய இரண்டு கருங்கற்களாகத்தான் அம்பாள் அங்கே இருந்தாளாம். வைத்தியம் பலிக்காத ஒரு சீனப் பிள்ளையைப் பெற்றோர் அவள் முன் கிடத்தி மன்றாட, பிள்ளை பிழைத்தது. பிறகு சீனர்களே கோயில் எழுப்பினார்கள்.

வங்காள அர்ச்சகர் பூசை செய்துகொண்டிருந்தார். சந்நிதியில் ஒரு சீனப் பாட்டி, ஊதுவத்திக் கொத்தை இரண்டு கைகளாலும் நெற்றிவரை உயர்த்தி நின்றார். சுடச்சுடச் சாம்பல் விரலில் உதிர்ந்தும் அசையவில்லை. வணங்கி முடித்துத் திரும்பியவர், பட்டும் கையுமாகப் பின்னால் தயங்கிய அம்மாவைப் பார்த்தார். காலையில் தரகர்கள் இழுத்த அதே கையைப் பற்றி, தான் நின்ற இடத்தில் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா தாயை ஆசைதீரப் பார்த்தார்.

1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியச் சீனர்கள் ஏறத்தாழ 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். இங்கேயே பிறந்தவர்களையும் விடவில்லை. நினைத்தாலே மனம் கூசுகிறது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்குப் போய்விட்டன. பாட்டியின் பிள்ளைகளும் டொராண்டோவில்தானாம். நீங்கள் போகவில்லையா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "இவளை விட்டுவிட்டா?" என்று சந்நிதியைக் காட்டினார்.

பிரசாதம் நூடுல்ஸ். வெளியூரில் பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிக்கும் அம்மா, தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு இழை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அழவைத்து அனுப்பாமல் இங்கே வரவழைத்துத் தரிசனம் தந்தாயே, தாயே! என் தங்கையைக் காத்தது போல, அந்தப் பாட்டியையும், கடல் கடந்திருக்கும் அவர் பிள்ளைகளையும் நீதான் காக்க வேண்டும்.