கொழும்புக்குப் போகும் தங்கைக்கு

இன்று காலை அட்டன் ரயில் நிலையத்தில், முதன்முறையாகக் கொழும்புக்கு வேலைக்குப் புறப்பட்ட பக்கத்து லயத்துத் (தோட்டத்து வரிசை வீடுகள்) தங்கையின் பையில், அவளுடைய அம்மா ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் வாழையிலையில் கட்டி வைத்தார்.

"அக்கா, இது தீர்ந்த பிறகு அங்கே எங்கே சாப்பிடுவது?"

வண்டி வந்துவிட்டதால் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சைவக் கடைகளுக்குப் போ, தங்கச்சி. காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். வடைகளைத் தட்டில் அடுக்கி மேசையில் வைத்துவிட்டு, நீ எடுத்ததற்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள்.

சம்பளம் வந்த வாரத்தில் லம்பிரைஸ் சாப்பிட்டுப் பார். ஐரோப்பியர் வழிவந்த பரங்கியரின் வீடுகளிலிருந்து வந்த அந்த உணவில், இறைச்சிச் சாற்றில் வெந்த சோறும் கறியும் பொரித்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்த கத்தரிக்காய் மோஜுவும் வாழையிலைக்குள் ஒன்றாகச் சூடேறியிருக்கும். பொதியைப் பிரிக்கும்போது எழும் வாசனையில் உன் அம்மாவின் இலைப் பொதி நினைவுக்கு வரும்.

ஆனால் முதலில் கடலோரத்துக் காலிமுகத்திடலுக்குத்தான் இறால் வடை சாப்பிடப் போக வேண்டும். கடலைக் கருவாடாக மட்டுமே அறிந்து வளர்ந்த நமக்கு, ஓடும் மீசையும் நீக்காத முழு இறால்கள் பருப்பு வடையின் மேல் சிவந்து பொரிந்திருப்பதும், அதன்மேல் வெங்காயமும் மிளகாய்ச் சாறும் இட்டுக் கையில் தருவதும் பெரிய காட்சி.

முன்பே பொரித்து அடுக்கியதை வாங்காதே. சட்டியிலிருந்து அப்போதே எடுத்ததைக் கேள்.