இரண்டு முறை செல்லாமல் போன நோட்டு

சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில், பழைய பாஸ்போர்ட்டுக்குள் ஒரு பத்து தினார் நோட்டு இருக்கிறது. குவைத் நோட்டு. இரண்டு தடவை செத்த நோட்டு என்பார்.

1990 ஆகஸ்ட் 2 விடிவதற்குள் சதாம் உசேனின் டாங்கிகள் குவைத்துக்குள் வந்துவிட்டன. ஆறே நாளில் இணைப்பு அறிவிப்பு, மாதக் கடைசியில் குவைத் ஈராக்கின் 19-வது மாகாணம். ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் 662-வது தீர்மானத்தில் இந்த இணைப்பு செல்லாது என்றது. சரி, நியூயார்க்கில் செல்லாது, குவைத்தின் சால்மியாவில் மளிகைக்கடை வாசலில் நிற்பவனுக்கு? சந்தையில் பல மடங்கு மதிப்புள்ள குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று முதலில் உத்தரவு போட்டார்கள், அப்புறம் குவைத் தினாரே செல்லாது என்றார்கள். வண்டிக்கு ஈராக் நம்பர் பிளேட் மாட்டச் சொன்னார்கள், தெருப்பெயர்களையும் மாற்றினார்கள். ஒரு நாட்டை விழுங்குவது என்றால் இந்தச் சில்லறை வேலையெல்லாம்தான் போல.

சித்தப்பா பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான் தலைநகர் அம்மான் போய், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பம்பாய் வந்தார். அப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஈராக் எல்லைக்குள் ஏதோ ஒரு ஊரில் டீக்கடைக்காரர் ஒருவர் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, காசை வாங்க மாட்டேன் என்றாராம்.

1991 பிப்ரவரியில் குவைத் விடுபட்டது. போகிற போக்கில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள், கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆனது. கொள்ளை போன பணம் புழங்கக்கூடாது என்று குவைத் அரசே புது நோட்டு அடித்துப் பழையதை ஒழித்தது. சித்தப்பாவின் நோட்டுக்கு அது இரண்டாவது சாவு.

பல வருடம் கழித்து ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் வழியாக டாலரில் ஒரு தொகை வந்தது, அதில்தான் எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். அந்தப் பணம் சதாம் வீட்டுப் பணமில்லை, ஈராக் எண்ணெய் விற்ற காசிலிருந்து பிடித்தது. ஆட்சி 2003-இல் விழுந்தது, 2006-இல் அவரைத் தூக்கிலும் போட்டார்கள், கடன் மட்டும் சாகவில்லை. மொத்தம் 5,240 கோடி டாலர், கட்டி முடித்தது 2022-இல்.

இதைச் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்த டீக்கடைக்காரரும் கட்டியிருப்பாரேடா" என்றார்.