மைனஸ் 4 டிகிரியில் 21.1 கிலோமீட்டர்: என் பத்து வாரக் கணக்கு

பத்து வாரத்துக்கு முன்னால் என்னால் நிற்காமல் ஓட முடிந்தது 8 கிலோமீட்டர்தான். போன ஞாயிற்றுக்கிழமை மைனஸ் 4 டிகிரியில் என் முதல் அரை மராத்தானை ஓடி முடித்தேன். 2 மணி 19 நிமிடம் ஆனது. 2:15க்குள் முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த நான்கு நிமிடம் எங்கே போனது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். குளிர் அதை எடுத்துக்கொள்ளவில்லை, என் வியர்வைதான் எடுத்துக்கொண்டது.

முதல் மூன்று வாரம்

குளிரைப் பற்றிய பயத்தில் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே பருத்தி டி-ஷர்ட், அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் தடித்த ஜாக்கெட். வெளியே 3 டிகிரி. முதல் கிலோமீட்டர் சுகமாக இருந்தது. மூன்றாவதில் முதுகு தொப்பலாக நனைந்துவிட்டது. ஆறாவதில் விலாவில் பிடித்துக்கொண்டது, சரி, கொஞ்சம் நடக்கலாம் என்று நடந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வெடவெடவென்று உடம்பு உதற ஆரம்பித்துவிட்டது. நனைந்த டி-ஷர்ட் ஐஸ் கட்டியை முதுகில் ஒட்டவைத்தது போல இருந்தது.

அப்புறம்தான் விஷயத்தைப் படித்தேன். ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. நாமே ஒரு நடமாடும் அடுப்பு. கூடவே, தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நிறைய உடுத்தியதால்தான் நடுங்கியிருக்கிறேன் என்று புரிந்தது.

ஓட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது: வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொண்டு உடுத்து. வாசலில் நிற்கும்போது 'இது போதாதோ' என்று தோன்றினால் சரியாக உடுத்தியிருக்கிறோம். மூன்றாவது வாரக் கடைசியில், வியர்வையை வெளியே தள்ளும் பாலியஸ்டர் தெர்மல் ஒன்று, மேலே ஜிப் வைத்த மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று, அவ்வளவுதான் என்று முடிவானது.

நான்காவது, ஐந்தாவது வாரம்

இந்த இரண்டு வாரமும் தொண்டையோடு மல்லுக்கட்டு. ஓடி முடித்து வந்தால் ஒரு மணி நேரம் வறட்டு இருமல். நுரையீரல் உறைந்துவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன் (சிரிக்காதீர்கள்). அப்படியெல்லாம் ஆகாது. உள்ளே போகும் காற்றை மூக்கும் தொண்டையும் சூடாக்கி, ஈரமாக்கித்தான் கீழே அனுப்புகின்றன. எரிச்சலுக்குக் காரணம் குளிர்காற்றின் வறட்சி. அந்த ஈரவேலையின் பக்க விளைவுதான் குழாய் திறந்தது போல மூக்கு ஒழுகுவதும். கழுத்தில் போடும் துணிக்குழாயை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டதில் இருமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் மூச்சின் ஈரத்தில் அது நனைந்து விறைத்துவிடும், சுற்றித் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் துணியை நம்பிக் கிளம்பாமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கை. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையில் எனக்கு விரல் மரத்துப்போகிறது. நான்கு விரலையும் ஒரே பையில் போடும் கையுறைக்கு மாறினேன், விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்கின்றன. அதை மாட்டிக்கொண்டு ஜெல் (ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் இனிப்புக் குழம்பு) பாக்கெட்டைப் பிரிக்க முடியாது என்பது வேறு கதை. அந்த ஜெல்லும் குளிரில் கோந்து மாதிரி ஆகிவிடும். இடுப்புப் பட்டையின் வெளிப்புறத்தில் வைத்திருந்ததை உடம்போடு ஒட்டிய உள்பக்கத்துக்கு மாற்றியதும் சரியானது. தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சும் வாய் உறைந்துபோனது ஒருநாள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால் பனிக்கட்டி அடிப்பக்கத்தில்தான் கட்டுகிறது, வாய் தப்பிக்கிறது. போன் 38 சதவீதத்தில் இருந்து பொசுக்கென்று அணைந்ததும் இந்த வாரம்தான். அதுவும் ஜாக்கெட்டுக்குள் போய்விட்டது.

ஆறாவது வாரம்

விழுந்தேன். புதிதாகப் பெய்த பனியில் கால் நன்றாகவே பிடிக்கிறது. ஆபத்து, பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த ஈரம். தார் ரோட்டின் மேல் கண்ணாடி போலப் படிந்திருக்கும், ஈரம் என்று நினைத்துக் கால் வைப்போம். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்துவிட்டது. ஐந்து நாள் ஓய்வு. அந்த வார நீள ஓட்டம், 14 கிலோமீட்டர், டிரெட்மில்லில். எதிரே சுவர். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு வழுக்கும் நாளில் சின்னச் சின்ன அடி, கால் உடம்புக்கு நேர் கீழே விழும்படி. கடிகாரத்தில் வேகத்தைப் பார்ப்பதே இல்லை, எவ்வளவு நேரம் ஓடினேன் என்பதோடு சரி.

எட்டாவது வாரம்

18 கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் கற்றுக்கொண்டதுதான் பின்னால் என்னைக் குத்திக்காட்டியது. போய்த் திரும்பும் பாதையாக இருந்தால் முதலில் எதிர்காற்றில் போக வேண்டும். உடம்பு காய்ந்திருக்கும்போதே வாடையைச் சமாளித்துவிட்டு, நனைந்த உடம்போடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். அப்படித்தான் ஓடினேன். அலுங்காமல் முடிந்தது. மிச்ச இரண்டு வாரமும் தூரத்தைக் குறைத்து ஓய்வு.

அந்த ஞாயிறு

மைனஸ் 4. காற்று மணிக்கு 20 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்தால் தோலுக்கு மைனஸ் 10 போலத் தெரியும். மார்பில் குத்தும் நம்பர் அட்டையை முந்தின இரவே குத்தி வைத்திருந்தேன், மரத்த விரலால் ஊக்கு குத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தூக்கிப் போடவிருந்த பழைய ஸ்வெட்டர் ஒன்றும், அதன் மேல் தலைக்கு ஓட்டை போட்ட பெரிய குப்பைப் பையும் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். அதற்குள் மூன்று முறை கழிப்பறை வரிசை. பதற்றம் மட்டுமல்ல காரணம். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்க, சிறுநீரகம் 'தண்ணீர் அதிகம்' என்று கணக்குப் போட்டு வெளியேற்றுகிறது. தாகமும் தெரியாது. அதனால் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் வைத்த இடத்தில் எல்லாம் இரண்டு மடக்கு குடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் கால்கள் மரக்கட்டை. அப்புறம் இளகின. காற்று முதுகில். பறந்தேன் என்றே சொல்லலாம். ஐந்தில் கையுறையைக் கழற்றினேன், ஏழில் ஜிப்பை வயிறுவரை இறக்கினேன். பாதித் தூரம் 1:07. இப்படியே போனால் 2:15 கைக்குள் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே பாதை திரும்பியது.

முகத்தில் அறைந்தது வாடை. மார்பில் இருந்த வியர்வை முழுக்க ஒரே நொடியில் ஜில்லிட்டது. ஜிப்பை ஏற்றலாம் என்றால், அந்தச் சின்ன இரும்பு நாக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கவே மாட்டேன் என்கின்றன. பிடித்தேன் என்று நினைத்து இழுத்தால் கை மட்டும் மேலே வருகிறது. ஓடிக்கொண்டே ஆறேழு தடவை. கடைசியில் நின்று, குனிந்து, பல்லால் கடித்து ஏற்றினேன். இரும்பு உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலைக் கொஞ்சம் உரித்தது. கையுறையைத் திரும்பப் போட்டும் விரலுக்கு உயிர் வர மூன்று கிலோமீட்டர் ஆனது.

பதினான்காவதில் தண்ணீர் மேஜையைச் சுற்றிச் சிந்திய தண்ணீர் எல்லாம் உறைந்து கிடந்தது, நடந்து தாண்டினேன். இமையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, கண் சிமிட்டும்போது பிசுபிசுத்தது. பதினேழு முதல் இருபது வரை எனக்கு முன்னால் ஓடிய உயரமான ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓடினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், விலகச் சொல்லவில்லை. இரண்டாவது பாதி 1:12.

கோட்டைத் தாண்டியதும் அடுப்பு அணைந்துவிட்டது. பளபளக்கும் அலுமினியத் தாள் ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். அது உடம்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், காற்றையும் தடுக்கும், ஆனால் உள்ளே ஈரத்துணி இருந்தால் அதிகம் உதவாது. உடை மாற்றும் இடம் தேடிப் போய், பல் கிட்டிக்கொள்ள, மேல்துணி எல்லாவற்றையும் உருவிப் போட்டுக் காய்ந்ததை மாட்டினேன். ஷூ லேஸை மட்டும் அவிழ்க்கவே முடியவில்லை. பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஒரு பெண்மணி எதுவும் கேட்காமல் குனிந்து அவிழ்த்துவிட்டுப் போனார்.

இன்று உதட்டுக் காயம் ஆறிவிட்டது. விண்ட்சீட்டரைத் துவைத்துக் காயப்போட்டேன், ஜிப் நாக்கில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு நூல் வளையம் கட்டினேன். அந்தத் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். ஏறுகிறது.