செம்புக் கம்பியும் 261-உம்

கோயம்புத்தூர்ப் பக்கத்து மோட்டார் பம்ப் தொழிற்சாலைகளில் ஸ்டோர்ஸிலிருந்து வெளியே போகும் பொருள்களில் செம்பு வைண்டிங் கம்பி அளவுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டியது வேறில்லை. விலை அதிகம். எண்ணிக் கொடுக்க முடியாது, நிறுத்துத்தான் கொடுக்கவேண்டும். ஒரு ஸ்பூல் பாதியில் நிற்கும், மறுநாள் இன்னொரு ஆர்டருக்கு ஓடும். எஸ்ஏபி என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளில் மூலப்பொருள் செலவை எழுதும் முறை சரியா தவறா என்பதை இந்த ஒரு பொருளை வைத்தே சொல்லிவிடலாம்.

வழி இரண்டு. ஸ்டோர்ஸ் ஆள், சரக்கு நகர்வைப் பதியும் மிகோ திரையில் உற்பத்தி ஆர்டரின் எண்ணைக் கொடுத்து 261 (ஆர்டருக்குப் பொருள் கொடுத்ததைக் குறிக்கும் எண்) போடலாம். அந்த நொடியில் இருப்பு குறையும், ஆர்டர் மேல் செலவு ஏறும். மீந்ததைத் திருப்பினால் 262. இன்னொன்று பேக்ஃப்ளஷ்: எத்தனை முடிந்தது என்று சூப்பர்வைசர் சிஓ11என் திரையில் கன்ஃபர்ம் செய்தால் போதும், பிஓஎம் (ஒன்று செய்ய எந்தப் பொருள் எவ்வளவு என்ற பட்டியல்) அளவால் பெருக்கி மென்பொருளே 261 போட்டுக்கொள்ளும்.

பேக்ஃப்ளஷ் வசதியானது; ஆனால் அது எழுதுவது நடந்ததை அல்ல, நடந்திருக்கவேண்டியதை. ஸ்டேட்டர் (மோட்டாரில் கம்பி சுற்றும் அசையாத பகுதி) ஒன்றுக்கு 1.250 கிலோ கம்பி என்று பிஓஎம்மில் இருக்கிறது, ஆர்டர் 200 எண்ணம் என்று வைத்துக்கொள்வோம். வைண்டிங்கில் 258 கிலோ போயிருந்தாலும் கணக்கில் 250 கிலோதான் இறங்கும். ஆர்டரைத் திறந்து பார்த்தால் திட்டமும் நடப்பும் அச்சாக ஒத்துப்போகும், பார்க்க அழகாக இருக்கும். அந்த 8 கிலோ புத்தகத்தில் இருப்பாகவே உட்கார்ந்திருக்கும். வருடக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது குறைவு தெரியவரும். அப்போது எந்த ஆர்டர், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பி எடுத்தவர் மேல் சந்தேகம் விழும். உண்மையில் காயில் அச்சின் அளவு மாறியதை யாரும் பிஓஎம்மில் திருத்தியிருக்கமாட்டார்கள்.

எனவே எல்லாப் பொருளுக்கும் ஒரே முறை என்று முடிவெடுப்பது தவறு. பேரிங், கெபாசிட்டர், மெக்கானிக்கல் சீல் போன்றவை மோட்டாருக்கு இத்தனை என்று எண்ணிப் போடுபவை. இவற்றுக்கு பேக்ஃப்ளஷ் பொருத்தம். வார்னிஷ், கட்டு நூல், சால்டர் போன்றவற்றை ஆர்டர் வாரியாக அளக்கவே வழியில்லை; பிஓஎம்மில் பல்க் மெட்டீரியல் என்று குறித்துவிட்டு, டின் திறக்கும்போது 201-இல் காஸ்ட் சென்டருக்கு (ஆர்டருக்கு அல்லாமல் பிரிவின் பொதுச் செலவுக்கு) எழுதிவிடலாம். கம்பிக்கு மட்டும் கையால் 261.

கையால் எழுதுவதிலும் ஒரு கண்ணி உண்டு. கம்பி ஸ்பூலோடு வருகிறது, தராசு மொத்த எடையைத்தான் காட்டும். காலி ஸ்பூலின் எடையை அதன் பக்கவாட்டிலேயே மார்க்கரில் எழுதி வைத்தால் ஒழிய, கொடுக்கும்போது ஒருவர் கழிப்பார், வாங்கும்போது இன்னொருவர் கழிக்கமாட்டார். ஆர்டர் மாறும் நேரத்தில் ஸ்பூலை மெஷினிலிருந்து இறக்கி நிறுத்து, பழைய ஆர்டருக்கு 262, புதிய ஆர்டருக்கு 261 என்று எழுதவேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைத் தள்ளிப்போடும் இடத்தில் ஒரு ஆர்டர் நஷ்டத்திலும் அடுத்தது கொழுத்த லாபத்திலும் முடியும், இரண்டுமே பொய்.

கோகி பட்டியலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பேக்ஃப்ளஷ் போடமுடியாமல் தடுக்கிய வரிகளெல்லாம் அங்கே போய்ச் சேரும். இருப்பு போதவில்லை என்று செய்தி வரும். ஆனால் பெரும்பாலும் பொருள் இல்லாமல் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. பேரிங் பெட்டி காலையிலேயே அசெம்பிளி லைனுக்குப் போயிருக்கும். ஸ்டோர்ஸிலிருந்து லைனுக்கு மாற்றும் 311 மட்டும் சாயங்காலம் வரை போட்டிருக்காது. பேக்ஃப்ளஷ் லைனின் ஸ்டோரேஜ் லொகேஷனில் தேடி, இல்லையென்று தடுக்கும். 311 போட்டுவிட்டு அதே வரியை மறுபடி ஓட்டினால் போய்விடும். பேட்ச் எண் இல்லாமல் நிற்பவையும் அங்கே கிடக்கும்.

செய்யக்கூடாதது ஒன்று: பட்டியலைக் காலி செய்வதற்காக வரிகளை டிலீட் செய்வது. அழித்தால் பிழை தீராது, செலவுதான் தீரும். மோட்டார் விற்றுப் போயிருக்கும், அதற்குள் இருக்கும் பேரிங் புத்தகத்தில் ஸ்டோர்ஸிலேயே இருக்கும்.

மாற்றுப் பொருள் போடும்போது நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. 19 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) தீர்ந்துவிட்டது, 22 கேஜில் இரண்டு இழை சேர்த்துச் சுற்றுகிறார்கள். குறுக்குவெட்டுப் பரப்பு 0.811 சதுர மி.மீ. இருந்த இடத்தில் 0.794 வருகிறது, வைண்டிங்கில் வழக்கமாக ஏற்பதுதான். ஸ்டோர்ஸ் 22 கேஜுக்கு 261 போட்டுவிடும். செலவு சரியாக ஏறிவிட்டதால் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் 19 கேஜின் ரிசர்வேஷன் (ஆர்டருக்கென்று பதிந்து வைத்த தேவை) திறந்தே கிடக்கிறது. ஆர்டருக்கு அது இன்னும் வேண்டும் என்றே எம்ஆர்பி (எதை எவ்வளவு வாங்கவேண்டும் என்று கணக்கிடும் மென்பொருள் பகுதி) நினைத்துக்கொண்டு, வாங்கச் சொல்லிக் கோரிக்கை எழுப்பும். ஆர்டரைத் திருத்தும் சிஓ02-இல் அதன் பொருள் பட்டியலுக்குள் போய் 19 கேஜை நீக்கி 22 கேஜைச் சேர்த்த பிறகே 261 போடவேண்டும். ஒரு பகுதி ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்த வரியில் ஃபைனல் இஷ்யூ குறியீட்டை இட்டால் மிச்சத் தேவை அடங்கும்.

கழிவை எழுதாமல் விடுவதும் இதே வகைதான். 200 ஸ்டேட்டரில் 4 எரிந்துபோனால் கன்ஃபர்மேஷனில் நல்லது 196, ஸ்கிராப் 4 என்று இரண்டையும் எழுதவேண்டும். பேக்ஃப்ளஷ் இரண்டையும் கூட்டித்தான் பொருள் எடுக்கும். திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று 196-ஐ மட்டும் எழுதினால், நான்கு ஸ்டேட்டரின் தகடு கணக்கிலிருந்து இறங்கவே இறங்காது. ஸ்கிராப் எழுதியதற்காகச் சூப்பர்வைசரைத் திட்டும் மேலாளர்தான் இந்தப் பொய்க் கணக்கை உண்டாக்குகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

தசமப்புள்ளியும் ஆளைக் கவிழ்க்கும். பயனர் அமைப்புத் திரையான எஸ்யு3-இல் எண் வடிவம் ஐரோப்பிய முறையில் இருந்தால் 1.250 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. புதிதாக ஐடி கொடுக்கும்போதே இதைச் சரிபார்க்கவேண்டும். பிஓஎம்மில் அளவு மூன்று தசம இடத்தோடு நின்றுவிடும். ஒரு மோட்டாருக்கு 0.0004 லிட்டர் என்று எழுத முடியாது. பேஸ் குவான்டிட்டியை (பட்டியல் எத்தனை மோட்டாருக்கு என்பதை) 1000 என்று வைத்து 0.4 லிட்டர் என்று எழுதவேண்டும்.

200-க்குப் பதில் 2000 என்று கன்ஃபர்ம் செய்துவிட்டால், பதறிப்போய்ப் பொருள் பொருளாக 262 போட்டுத் திருப்பக்கூடாது. இருப்பு நேராகும், ஆர்டரில் 2000 முடிந்ததாகவே நிற்கும். சிஓ13-இல் கன்ஃபர்மேஷனையே ரத்து செய்தால் பொருள் நகர்வுகளும் அதோடு திரும்பும்.

மாதக் கடைசியில் வரிசை முக்கியம். முதலில் கோகி காலியாகவேண்டும், அடுத்து திறந்த ரிசர்வேஷன்களை எம்பி25-இல் பார்க்கவேண்டும், பிறகே வேரியன்ஸ் (திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள வேறுபாடு) கணக்கு, ஆர்டரைச் செட்டில் செய்யும் கேஓ88. மாற்றிச் செய்தால் செட்டில் ஆன ஆர்டர் மேல் அடுத்த மாதம் மறுபடி செலவு ஏறும். நடப்பு மாதமும் அதற்கு முந்தைய மாதமும் தவிர வேறு தேதியில் சரக்கு நகர்வைப் போஸ்ட் செய்ய எஸ்ஏபி விடாது என்பதால், ஜூனில் சுற்றிய கம்பியை ஆகஸ்டில் எழுதப்போனால் ஜூன் செலவாக எழுதமுடியாது.