தோல்வழி நைட்ரிக் ஆக்ஸைடு: என் எம்.ஃபார்ம் ஆய்வு அனுபவம்

நைட்ரிக் ஆக்ஸைடைத் தோல்வழியாகச் செலுத்தும் களிம்பு என்று ஆய்வுத் தலைப்பு முடிவானபோது, அருமனையில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அம்மோனியா விட்ட ரப்பர் பால் உறையாமல் நிற்கும். டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் சேர்த்துவிட்டால் பிறகு அதைத் தடுக்க முடியாது. என் களிம்பும் ஏறக்குறைய அப்படித்தான். சோடியம் நைட்ரைட் ஒரு ட்யூபிலும் அமிலம் மற்றொன்றிலும் இருக்க, தடவும் நேரத்தில் மட்டுமே இரண்டும் கலக்க வேண்டும். கலந்ததும் நைட்ரஸ் அமிலம் உண்டாகி, அது சிதைந்து வாயு வெளிவரும். உடல் திசுவில் சில நொடிகளே நிலைத்து, காற்றுப் பட்டால் நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறி, ரத்தத்தை அடைந்தால் ஹீமோகுளோபினிடம் அகப்பட்டுக்கொள்ளும் ஒரு வாயுவைச் சாதாரணக் களிம்பில் அடைத்து அலமாரியில் வைக்க முடியாது என்பதால்தான் இத்தனை ஏற்பாடும்.

இந்த வாயு ரத்தக்குழாயைத் தளரச் செய்யும் செய்தி மூலக்கூறு என்று கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். மொலஸ்கம் என்னும் வைரஸ் பருக்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் அனுமதித்த பெர்டாசிமர் சோடியம் ஜெல்லில் வாயுவைத் தருவது வேறு பொருள். ஆனால் அதுவும் இரண்டு ட்யூபாகத்தான் வருகிறது, தடவும்போதுதான் கலக்கப்படுகிறது. ஆய்வு முன்மொழிவில் அதைச் சுட்டியதும் தலைப்பு எளிதாக ஒப்புதல் பெற்றது. எளிதாக நடந்தது அது ஒன்றுதான்.

முதலில், கார்போபோல் என்னும் பாலிமரால் கெட்டியாக்கிய ஜெல்லில் நைட்ரைட்டைக் கரைத்தேன். கெட்டியாக நின்ற ஜெல், உப்பு சேர்ந்ததும் கஞ்சித் தண்ணீராக இளகிவிட்டது. உப்பின் அயனிகளுக்குக் கார்போபோல் தாங்காது என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹெச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் வகைக் கெட்டியாக்கிக்கு மாறினேன். நைட்ரஜன் டை ஆக்ஸைடு குறைந்து நைட்ரிக் ஆக்ஸைடு கூடும் என்பதால் அமிலப் பக்கத்துக்கு அஸ்கார்பிக் அமிலத்தை எடுத்துக்கொண்டேன். நம் ஊர் வெக்கையில் அந்த ஜெல் மஞ்சளாகத் தொடங்கியதால், ஒவ்வொரு சோதனைக்கும் அன்றன்றே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டையும் கலந்ததும் கள் விட்டுப் புளித்த ஆப்ப மாவு போல நுரைத்து எழும்பும். அந்த வாயு நுரையீரலுக்குக் கேடு, நைட்ரைட் உப்பும் உள்ளே போனால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும் என்பதால், புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைக் கலக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

வாயு ஊடுருவுகிறதா என்று பார்க்க ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கருவியைப் பயன்படுத்தினோம். மேலே களிம்பு, நடுவே சவ்வு, கீழே 32 டிகிரியில் சுழலும் பாஸ்பேட் கரைசல். கீழே இறங்கும் நைட்ரிக் ஆக்ஸைடு கரைசலில் உள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து நைட்ரைட்டாகும். நைட்ரைட்டைக் காட்டிக்கொடுக்கும் கிரீஸ் (Griess) வினைப்பொருளைச் சேர்த்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளக்கலாம். டயாலிசிஸ் சவ்வை வைத்துச் செய்த முதல் சோதனையிலேயே செம்பருத்தி நிறம் வந்துவிட்டது. மூன்று நாள் அளவுகளை வரைபடமாக்கிக்கொண்டு வழிகாட்டியான மேடத்திடம் போனபோது, அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ஆசிட் சேக்காம ஒரு செல் வச்சுப் பாத்தியா?" என்றார்.

வைத்துப் பார்த்தேன். வாயுவே உண்டாகாத அந்தச் செல்லிலும் அதே சிவப்பு. சவ்வின் நுண்துளைகள் வழியாக நைட்ரைட் உப்பே நேராக இறங்கியிருந்தது. மூன்று நாளாக நான் வாயு என்று நினைத்து உப்பை அளந்திருக்கிறேன். அன்று மார்த்தாண்டம் வரை பேருந்தில் யாரிடமும் பேசவில்லை.

அயனியைத் தடுத்து வாயுவை மட்டும் விடும் சவ்வு வேண்டும் என்றதும், வீட்டிலேயே ரப்பர் பாலை மெல்லிய படலமாக ஊற்றி எடுக்கலாமே என்று தோன்றியது. பலூனில் அடைத்த காற்று மெல்ல இறங்குவதில்லையா? நைட்ரஜன் டை ஆக்ஸைடு இயற்கை ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கும் என்று மேடம் அதை மறுத்து, வாயுவைப் பல மடங்கு எளிதாக விடும் சிலிக்கோன் படலத்தை வரவழைத்துக் கொடுத்தார். அப்பாவுக்கு இதில் சிறிது வருத்தம். சிலிக்கோன் வைத்ததும் அமிலமில்லாத செல் நிறமின்றித் தெளிவாக நின்றது, கலந்த செல் மட்டும் சிவந்தது. நிறம் முன்பைவிட வெளிறியதுதான், ஆனால் அதை நம்ப முடிந்தது.

அடுத்து உண்மையான தோல். மனிதத் தோலுக்கு நெருக்கமானது என்பதால் பன்றிக் காதைத்தான் பயன்படுத்துவார்கள்; கருங்கலில் ஞாயிற்றுக்கிழமை காலை இறைச்சிக் கடையில் போய் நின்றேன். "காது மட்டும் போதுமா மக்களே?" என்று சிரித்தவர், ரோமம் வழித்துச் சுத்தமாக்கிய காதுகளைத் தந்தார். ரோமம் வழிக்க ஊற்றும் வெந்நீரே மேல்தோலின் தடுப்பு அடுக்கைக் கெடுத்துவிடும் என்பது, அவற்றில் அமிலமில்லாத களிம்பும் தாராளமாக இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் விடியுமுன் போய், வெந்நீர் படாத காதுகளை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தேன். தோலுக்கு அடியில் சிக்கும் காற்றுக் குமிழிகளைச் செல்லைச் சாய்த்துச் சாய்த்து வெளியேற்றுவதிலேயே பாதி நாள் போகும். மேலே பிளாஸ்டிக் தாள் மூடாவிட்டால் வாயு பெரும்பாலும் அறைக்குள்ளேயே போய்விடும் என்பதும் அங்கே கற்றதுதான்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியில் நின்றார்: அயனியாகாத நைட்ரஸ் அமிலமும் சிலிக்கோனைக் கடக்காதா? கடக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். தலைப்பில் 'நைட்ரிக் ஆக்ஸைடு' என்றிருந்ததை 'நைட்ரஜன் ஆக்ஸைடுகள்' என்று திருத்தும்படி சொல்லிக் கையெழுத்திட்டார். அன்று மாலையே நாகர்கோவிலில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி மீண்டும் பைண்டிங் செய்யக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.