எச்.ஐ.வி. பராமரிப்பு: முழுவதையும் அறிந்த ஒருவர் வேண்டும்

எச்.ஐ.வி. சிகிச்சை இன்று பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரையாகச் சுருங்கிவிட்டது. அதைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை என்பதும் உறுதியாகியுள்ளது. ஆனால், மருந்து எளிதானதாலேயே பராமரிப்பும் எளிதாகிவிட்டது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மாத்திரை ஒரு பிரிவிலும், காசநோய்ப் பரிசோதனை வேறொரு பிரிவிலும், மகப்பேறு இன்னொரு கட்டடத்திலுமாக இருக்கையில், இவற்றை இணைக்கும் வேலை தொற்றுள்ளவரின் தலையிலேயே விழுகிறது; ஒவ்வொரு மேசையின் முன்பும் தம் நிலையைப் புதிதாகச் சொல்ல நேரும் வேதனை வேறு.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரைப் பறிக்கும் நோய்களில் உலக அளவில் அதற்கே முதலிடம். அதற்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், நாளுக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் எடுப்பவர் அக்காலத்தில் இருமுறை எடுக்க வேண்டும். இரு மருத்துவர்களும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தும், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போனால் வைரஸ் மீண்டும் பெருகக்கூடும். இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மருந்து வாங்க வராதவரைத் தேடிச் செல்வதும் அவர் பொறுப்பே. அது மிக நுட்பமான வேலை. தொலைபேசியை வேறொருவர் எடுத்தால், எங்கிருந்து, எதற்காக அழைக்கிறோம் என்பது வெளிப்படக் கூடாது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பயணச் செலவா, மனச்சோர்வா, வீட்டில் மாத்திரையை வைக்க மறைவான இடம் இல்லையா எனக் காதுகொடுத்துக் கேட்டால்தான் காரணம் தெரியும். வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 1000 பிரதிகளைத் தாண்டினால், தீவிர ஆலோசனையும் 3 மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனையும் தேவை என உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இக்காரணத்தை அறியத்தான்.

ஒருங்கிணைப்பு என்ற பெயரில் கோப்பு எல்லோர் கைக்கும் போய்விடவும் கூடாது. யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதில் தொற்றுள்ளவரின் ஒப்புதலே இறுதியானது. உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கான மருந்தை ஒருசேரக் கொடுத்துவிட்டால், இத்தனையும் செய்ய ஒருங்கிணைப்பாளருக்கு நேரமும் கிடைக்கும்.