பழைய கார் பிரேக்: எதைக் காப்பாற்றினேன், எதைத் தூக்கிப் போட்டேன்

என் பழைய காரின் பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்கிறேன். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் டிரம்முக்குள் ஷூ என்ற வளைந்த துண்டுகள் விரிந்து உரசி நிறுத்தும் வகை), ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஒரே ஹைட்ராலிக் சர்க்யூட். எங்கே ஒழுகினாலும் பெடல் நேராகத் தரைக்குப் போகும் ரகம். ஒரிஜினல் பார்ட் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் இந்த வேலைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ரப்பர் என்றால் யோசிக்காமல் புதுசு. இரும்பு என்றால் அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

டிரம்மைக் கழற்றியதும் தூசி. அந்தக் காலத்து லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஏர் அடித்து ஊதவில்லை. மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து, துணியையும் சேர்த்துக் கவரில் கட்டி அப்புறப்படுத்தினேன்.

ஆயில் அழுத்தத்தை வாங்கி ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில்தான் நேரம் போனது. டஸ்ட் கவரை உரித்தால் உள்ளே பழுப்பாகப் பாகு மாதிரி பழைய ஆயில். பிஸ்டனைத் தள்ளி எடுத்து, டார்ச் அடித்து போரை, அதாவது சிலிண்டரின் உள்துளையைப் பார்த்தேன். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். கார் நின்றே கிடந்தால் போரின் அடிப்பக்கம்தான் முதலில் அரிக்கும். முன் சிலிண்டர்களில் வெறும் கறை. லேசாக ஹோன் செய்ததுமே (உட்சுவரைச் சாணைக்கல்லால் தேய்ப்பது) போய்விட்டது. புது கப் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) போட்டு மூடியாயிற்று. பின்பக்கம் அப்படியில்லை. கப் உட்காரும் இடத்திலேயே குழிகள், நகத்தால் வருடினால் மாட்டுகிறது. குழி மறையும்வரை ஹோன் செய்தால் போர் பெரிதாகி பிஸ்டன் ஆடும், கப் பிடிக்காது.

புது சிலிண்டர் வாங்கிப் பார்த்தேன். வெளித்தோற்றம் அச்சு அசல். வெர்னியர் வைத்ததும் குட்டு வெளிப்பட்டது: பழையதன் போர் 19.05 மி.மீ., புதியது 22.2 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. ஷூவைத் தள்ளும் விசை பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே பெடல் அழுத்தத்துக்குப் பின் சக்கரத்தில் சுமார் 36 சதவீதம் கூடுதல் விசை. ஈர ரோட்டில் பின்பக்கம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிக்கொள்ளும். புதுசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையதற்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (போருக்குள் செருகும் குழாய்) போட அனுப்பினேன். இனி அந்த போர் துருப்பிடிக்காது.

பெடலை மிதித்தால் ஆயிலை எல்லாச் சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பாசம் பார்க்கவில்லை. உள்ளே ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் துளை ஊசிமுனை அளவுதான். ஹோன் செய்யும்போது அதன் விளிம்பில் பிசிர் நின்றால் கப்பைக் கிழிக்கும். துளை அடைத்துக்கொண்டால் பிரேக் ரிலீஸ் ஆகாமல் சூடேறும். போர் அளவு சரிபார்த்துப் புதுசே மாட்டினேன்.

ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. அறுத்துப் பார்த்தேன்: உள்சுவர் உப்பி, வழி பாதி அடைப்பு. பெடலை மிதித்தால் ஆயில் போகும், விட்டால் லேசில் திரும்பாது. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தபடி நிற்பதற்கு ஷூவைத் திட்டும் முன் இதைப் பாருங்கள். ஸ்டீல் பைப்களும் கிளிப்புக்கு அடியில் துரு. குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) பைப்பில் டபுள் ஃபிளேர் (முனையை இரட்டையாக மடித்து விரிப்பது) போட்டு மாற்றியாயிற்று. ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாமே புதுசு, சூட்டில் முறுக்கு இழந்ததை நம்பிப் பயனில்லை.

டிரம் ஒரிஜினல்தான். பொதுவாக விட்டத்தில் 1.5 மி.மீ. வரை கடையலாம் என்பார்கள். நான் அதில் பாதியோடு நிறுத்தினேன். ஒரே ஆக்சிலின் இரண்டு டிரம்மும் ஒரே அளவுக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடைந்த பிறகு டிரம்மின் வளைவு மாறுவதால் புது லைனிங் நடுவில் மட்டும் தொடும். சாக்பீஸ் தடவி, டிரம்மில் உரசிப் பார்த்து, படும் இடத்தைத் தேய்த்துத் தேய்த்து சரிசெய்தேன். சலிப்பான வேலை, ஆனால் பெடல் கெட்டியாக நிற்பதே இதில்தான் இருக்கிறது. ஷூவின் இரும்புச் சட்டம் பழையதே, முறுக்கல் இல்லை.

பலரும் கவனிக்காத இடம் பேக் பிளேட், ஷூவும் சிலிண்டரும் உட்காரும் பின்தகடு. ஷூ உரசும் மேடைகளில் வருஷக்கணக்கில் பள்ளம் விழுந்திருக்கும். ஷூ அதில் சிக்கி, மிதிக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். புது லைனிங் போட்டாலும் போகாது. வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் சமன் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் துளியூண்டு தடவினேன். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர்கள் ஊறவைத்ததும் இளகிவிட்டன.

பிரேக் ஆயில் டாட் 4 என்ற தர வகை. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பே 155க்கு இறங்கும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றப்போகிறேன்.

முன்பக்கம் முடிந்தது. ஸ்லீவ் போட்ட சிலிண்டர்கள் வந்துவிட்டன, மாட்டவில்லை. மாட்டி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்து (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி), பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க அழுத்தத்தில் வைக்கப்போகிறேன். காலையில் எல்லா ஜாயின்ட்டும் உலர்ந்திருந்தால் ஷூ செட்டிங், ஹேண்ட் பிரேக் கேபிள்.